அம்மாவின் இஞ்ச் டேப்பும் என் சைக்கிள் உடையும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை முதன்முறையாகச் சைக்கிளில் போய் வந்தேன். வீடு திரும்பியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போக வர 80 கிலோமீட்டருக்கு மேல். கால் வலிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் இரு தொடைகளின் உள்பக்கமும் நெருப்பு பட்டது போல எரிந்தது.

அன்று அணிந்திருந்தது பருத்தி டிராக் பேண்ட். கோவளம் தாண்டுவதற்குள் வியர்வையில் ஊறிக் கனத்துவிட்டது. சென்னைக் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். பருத்தி ஒருமுறை நனைந்தால் காயவே காயாது. கவட்டில் நான்கு துணிகளின் தையல்கள் கூடுகிற இடம் சிறு முடிச்சு போலத் தடித்திருந்தது. நிமிடத்துக்கு 70 மிதி என்று வைத்தாலும், நான்கு மணி நேரத்தில் 16,800 முறை அந்த முடிச்சு என் தோலில் உரசியிருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. 'முப்பத்தெட்டு வயது, இரண்டு பிரசவம், இந்த உடம்புக்கு இது ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிட்டேன். இன்று நினைத்தாலும் மனம் வலிப்பது இதற்காகத்தான். நான் சந்தேகப்பட்டது உடம்பை. உடுப்பைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

பிறகு சைக்கிள் ஓட்டுவதற்கென்றே, உட்காரும் இடத்தில் பேட் (மெத்தைத் திண்டு) வைத்த ஷார்ட்ஸ் என்று ஒன்று இருப்பதை அறிந்து ஒரு கடைக்குப் போனேன். ஆண்களுக்கான சிறிய அளவை எடுத்து நீட்டி, "பெண்களும் இதைத்தான் வாங்குகிறார்கள், மேடம்" என்றார்கள். வாங்கி வந்தேன். இடுப்பில் தொளதொளப்பு, பின்புறத்தில் இறுக்கம், தொடையில் ரத்தம் கட்டுகிற அளவுக்குப் பிடி. எரிச்சல் குறைந்தது, ஆனால் வலி வேறு இடத்துக்கு நகர்ந்தது.

விடை சொன்னவர் என் அம்மா. புதுக்கோட்டையில் முப்பது வருடமாக ரவிக்கை தைப்பவர். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். அப்போது சைக்கிள் கற்றுக்கொண்ட லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களில் அம்மாவும் ஒருவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பார் வைத்த சைக்கிளிலேயே ஓட்டிப் பழகினார். கொசுவம் சங்கிலியில் சிக்கிக் கிழிந்த புடவை ஒன்று வெகுநாள் எங்கள் வீட்டில் தொட்டிலாக இருந்தது.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர், கொடியில் கிடந்த ஷார்ட்ஸை எடுத்து உள்பக்கம் திருப்பினார். கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு தையல் ஓடும் வழியெல்லாம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த திண்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"இது ஆம்பளைக்குத் தைத்தது. முன்னால் நீளம், பின்னால் அகலம் இல்லை. உனக்கு எப்படிப் பொருந்தும்? ரவிக்கை தைக்க யாராவது தம்பி சட்டையை அளவுக்குக் கொண்டுவருவார்களா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. ரவிக்கை அரை அங்குலம் பிசகினாலும் திரும்பப் போய்ப் பிரித்துத் தைக்கச் சொல்கிறவர்கள் நாம். டாட் எங்கே பிடிக்க வேண்டும், அக்குளில் எவ்வளவு விட வேண்டும் என்று தையற்காரரிடம் கறாராகப் பேசுவோம். மணிக்கணக்காக உடம்பு உழைக்கும்போது போடுகிற உடையை மட்டும் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறோம்.

நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் எடையைத் தாங்குகின்றன. பெரும்பாலும் பெண்களுக்கு அவற்றின் இடைவெளி ஆண்களைவிடக் கூடுதல். திண்டு அந்த இரண்டு முனைகளின் கீழே வர வேண்டும். வராவிட்டால் எடை நடுவிலுள்ள மென்மையான பகுதியில் அதிகமாக இறங்கும். மரத்துப்போவதும் வீங்குவதும் அதனால்தான். பெண்களுக்கென்றே தைத்ததில் திண்டு பின்னால் அகலமாகவும் முன்னால் குட்டையாகவும் இருக்கும். நல்லதில் தோல் படும் நடுப்பகுதியில் தையலே இருக்காது. மற்ற இடங்களில் துணி பட்டையாகப் படிந்திருக்கும். இதை உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெண்கள் வாய்விட்டுப் பேசத் தயங்குகிற விஷயம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்: உள்ளாடையின் ஓரத் தையல்தான் உள்ளே இருந்து அறுக்கும். ஓட்டி முடித்தவுடன் உடை மாற்றி, அன்றே அலசிக் காற்றில் உலர்த்துங்கள். ஐப்பசி மழையில் பாதி ஈரத்தோடு மறுபடி போட்டால் கொப்புளம் நிச்சயம்.

தோளில் மாட்டும் வார் வைத்த பிப் ஷார்ட்ஸ் நழுவாது, வயிற்றை அழுத்தாது என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் பெண்களுக்கு நல்ல கழிப்பறை கிடைப்பதே அரிது. அங்கே மேல்சட்டையையும் கழற்றி மாட்ட முடியாது. அகன்ற இடுப்புப் பட்டை வைத்த, முழங்காலுக்குக் கீழ்வரை வருகிற ஒன்றை ரூ. 1,800-க்கு வாங்கினேன். டீக்கடையில் இறங்கி நிற்கும்போதும் அது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

சைக்கிள் ஓட்டும்போது போடும் மேல்சட்டையான ஜெர்சியை அம்மாவே சரிசெய்தார். ஹாலில் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, என்னை ஏறிக் குனிந்து கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். பிடரி எலும்பிலிருந்து முதுகு வழியாக இடுப்புவரை டேப்பை ஓட்டினார். நின்றபடி எடுத்த அளவைவிட இரண்டரை அங்குலம் கூடுதல். முட்டுக்காடு பாலத்தில் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சட்டையையும் பிடித்துக்கொண்டு போனதெல்லாம் அந்த இரண்டரை அங்குலத்துக்காகத்தான். முதுகில் துணி சேர்த்து, தோளைக் குறுக்கி, இடுப்பின் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தார்.

அதைப் போட்டுக்கொண்டு போன மாதம் மறுபடியும் மாமல்லபுரம் போய் வந்தேன். திரும்பி வந்து குளித்தபோது எங்கேயும் எரியவில்லை. என் அலுவலகத் தோழி சைக்கிள் வாங்கியிருக்கிறாள். பொங்கலுக்கு அம்மா வரும்போது அவளையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், சைக்கிளோடு.