பாதி பூட்டிய பக்கிள்

கட்டுமானத் தளத்தில் காலை 7.30 மணிக்கு, ஆட்கள் சாரத்தில் ஏறுமுன் ஒவ்வொருவருடைய பெல்ட்டையும் பார்த்து அனுப்புவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. எல்லோரும் பெல்ட் என்றே சொன்னாலும் அது இடுப்பைச் சுற்றி மட்டும் கட்டுவது அன்று. தோள், மார்பு, தொடை என உடல் முழுவதையும் வார்களால் பிணைத்து, ஆள் தவறி விழும்போது முதுகுப்புற வளையத்தின் வழியாக எடையைத் தாங்கும் முழு உடல் ஹார்னஸ் அது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், கம்பி கட்டும் தொழிலாளி ஒருவரின் தொடை வாரை வழக்கம்போல் பார்த்தேன். வார் இறுக்கமாக இருந்தது; நுனி தொங்காமல் ரப்பர் வளையத்துக்குள் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தது; பக்கிளில் துரு இல்லை. போகலாம் என்று தலையசைத்துவிட்டேன். அவர் ஏணியில் கால் வைத்த பிறகு ஏதோ ஒரு சந்தேகத்தில் திரும்ப அழைத்து, வாருக்கும் தொடைக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பலமாக இழுத்தேன். வார் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. பக்கிளின் உருளையைச் சுற்றி வந்து மறுபடியும் உள்ளே திரும்பிச் செல்ல வேண்டிய வார், ஒரே ஒரு முறை கோக்கப்பட்டு அப்படியே விடப்பட்டிருந்தது.

"நல்லா டைட்டாத்தானே சார் இருந்துச்சு" என்றார் அவர். அவர் சொன்னது பொய்யில்லை. அதைத்தான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் நடந்தபோது அந்த வார் நின்றது, குனிந்தபோது நின்றது, நான் கண்ணால் பார்த்தபோதும் நின்றது. விழும்போது மட்டும் அது நின்றிருக்காது.

இதன் காரணம் உரசலின் கணக்கில் இருக்கிறது. முரட்டுக் காளையைப் பிடித்திருப்பவர் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அமைதியாக நிற்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். காளையின் இழுப்பை மரம் வாங்கிக்கொள்கிறது; கைக்கு வருவது அதில் சிறு பங்குதான். ஆய்லர், ஐட்டெல்வைன் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. இரு பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணான உரசல் கெழுவை 0.25 என்று வைத்துக்கொண்டால், ஓர் அரைச்சுற்றில் நுனியில் பிடிக்கும் விசையைப்போல் சுமார் 2.2 மடங்கு இழுப்பைத் தாங்கலாம், முழுச்சுற்றில் 4.8 மடங்கு, ஒன்றரைச் சுற்றில் 10.5 மடங்கு. ஆனால் இவை அனைத்தும் மடங்குகள் என்பதை மறந்துவிடக் கூடாது. நுனியை யாருமே பிடிக்கவில்லையென்றால், பூச்சியத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூச்சியம்தான்.

ஒரு முறை மட்டும் கோத்த வாரின் நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ரப்பர் வளையமும் புதுத் துணியின் விறைப்பும்தான். நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடை வாரில் பெரிய இழுப்பு ஏதும் இல்லாததால், அந்தச் சிறு பிடியே போதுமானதாகத் தோன்றுகிறது. வாரைத் திருப்பி மறுபடியும் கோக்கும்போது நடப்பது வேறு. எடை தாங்கும் பகுதி தன் சொந்த நுனியின்மேலேயே ஏறி அழுத்துகிறது. எடை கூடக் கூட அந்த அழுத்தமும் கூடுகிறது. நுனியைப் பிடிக்கும் கை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, விழுகிறவரின் எடையே அந்தக் கையாகிவிடுகிறது. இந்தப் பழைய பக்கிளின் அழகு முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில்தான் இருக்கிறது. அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் அந்தத் திருப்பத்தை மனிதன்தான் செய்ய வேண்டும், செய்யாவிட்டாலும் பக்கிள் எதையும் காட்டிக்கொள்ளாது.

வலிமையைக் கூட்டினால் இது தீராது. முழு உடல் ஹார்னஸுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 361, தலை மேலாக இழுக்கும் சோதனையில் 15 கிலோநியூட்டன் விசையை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன் எடையை, மூன்று நிமிடம் தாங்கச் சொல்கிறது. நல்ல நிறுவனங்களின் ஹார்னஸ்கள் அதைத் தாங்கிவிடுகின்றன. ஆனால் சோதனைக்கூடத்தில் பொம்மைக்கு ஹார்னஸ் மாட்டுகிறவர் அதை ஒழுங்காக மாட்டுகிறார். அவசரமாகத் தேநீர் குடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே மாட்டுவதில்லை. ஒன்றரை டன் தாங்கும் அதே வார், ஒரு மடிப்புக் குறைந்தால் என் இரண்டு விரலுக்குத் தாங்கவில்லை. ஆகவே பக்கிளை மேம்படுத்துவதென்றால் பூட்டிய நிலைக்கும் பூட்டாத நிலைக்கும் நடுவில் இருக்கும் இந்தப் 'பாதி' என்ற நிலையையே இல்லாமல் ஆக்குவதுதான் என்று நான் நினைக்கத் தொடங்கினேன்.

மலையேறுகிறவர்கள் இந்தச் சிக்கலை எங்களுக்கு முன்பே சந்தித்தவர்கள். இடுப்பில் கயிற்றை நேரே கட்டிக்கொண்டு ஏறிய காலம் போய், தைத்த ஹார்னஸ் பரவலாவதற்கு முக்கியக் காரணமாக இருந்தது 1970-இல் இமயமலைச் சிகரமான அன்னபூர்ணாவின் தெற்கு முகத்தில் ஏறிய பிரிட்டிஷ் குழுவுக்காக மலையேறி டான் வில்லன்ஸ் வடிவமைத்த ஹார்னஸ். அதைச் செய்து கொடுத்தது ட்ரோல் நிறுவனம். அதற்குப் பிறகு வந்த பல ஹார்னஸ்களின் இடுப்பு வாரில், இரண்டு முறை கோக்க வேண்டிய பக்கிளே நெடுங்காலம் இருந்தது. அதற்கு அவர்கள் ஒரு நினைவுக்குறியும் வைத்திருந்தார்கள். ஒரு முறை மட்டும் கோத்தால் பக்கிளின் உலோகச் சட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து ஆங்கில 'ஓ' எழுத்துப்போல் இருக்கும், அப்படியென்றால் 'ஓப்பன்'. திருப்பிக் கோத்தால் சட்டத்தின் ஒரு பக்கம் வாருக்குள் மறைந்து 'சி' போலத் தெரியும்; அப்படியென்றால் 'க்ளோஸ்டு'. கெட்டிக்காரத்தனமான உத்திதான். ஆனாலும் பார்க்கிற கண் வேண்டும், பார்க்க நினைவும் வேண்டும். நானே அன்று பார்த்துவிட்டுத்தானே தலையசைத்தேன்!

அடுத்த படி, வாரைத் தொழிற்சாலையிலேயே கோத்து அனுப்புவது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு உலோகத் தகடுகளின் ஊடே வார் ஏற்கெனவே திரும்பி வந்திருக்கும். நுனியை இழுத்தால் இறுகும், தகட்டின் விளிம்பைத் தூக்கிப் பிடித்தால் தளரும். நுனி முழுவதும் உருவி வந்துவிடாதபடி அதை மடித்துத் தடிப்பாகத் தைத்துவிடுகிறார்கள். எடை ஏறும்போது தகடுகள் ஒன்றையொன்று நெருங்கி வாரை நடுவில் நெரிக்கின்றன. மறக்கக்கூடிய அந்த ஒரு செயலை மனிதனின் கையிலிருந்து எடுத்துவிட்டதால், இதில் தவறாகக் கோப்பதற்கே வழியில்லை. ஒரு சிறு குறை உண்டு: எடையில்லாமல் ஆடி அசைந்துகொண்டே இருந்தால் வார் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, நாளுக்கு இரண்டு மூன்று முறை இழுத்துவிட வேண்டியிருக்கிறது. மேலும், காலை உள்ளே நுழைத்துத்தான் போட வேண்டும். கனமான பாதுகாப்பு ஷூவோடு தொடை வளையத்துக்குள் காலை நுழைப்பது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காத வேலை.

அதனால்தான் எங்கள் துறையில் 'டிக்' என்று பூட்டும் பக்கிள்கள் வந்தன. நாக்குப்போன்ற ஒரு துண்டைக் கூட்டுக்குள் தள்ளினால் இரு பக்கத் தாழ்களும் விழுந்து பிடித்துக்கொள்ளும். திறப்பதற்கு இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இவ்வகையில் பேர்பெற்ற ஆஸ்திரியாவின் கோப்ரா பக்கிள், எடையைத் தாங்கிக்கொண்டிருக்கும்போது அழுத்தினாலும் திறக்காது. தொங்கிக்கொண்டிருக்கும் ஆளின் பக்கிளில் எதுவும் தற்செயலாகப் பட்டுத் திறந்துவிடக் கூடாது என்பதால் இது எங்களுக்கு மிகப் பொருத்தமான குணம்.

எல்லா ஹார்னஸுக்கும் இதே குணம் பொருந்தாது. பாராசூட்டில் குதிக்கிறவரின் முதன்மைப் பாராசூட் வானில் சரியாக விரியாமல் போனால், மாற்றுப் பாராசூட்டைத் திறக்குமுன், வார் முழு இழுப்பில் இருக்கும்போதே அவர் அதைக் கழற்றிவிட வேண்டும். பாராசூட் கருவி வடிவமைப்பாளர் பில் பூத் 1970-களில் உருவாக்கிய மூன்று வளைய அமைப்பு அதற்காகவே வந்தது. பெரிய வளையத்தின் இழுப்பை அடுத்தடுத்த சிறிய வளையங்கள் நெம்புகோல்போல் குறைத்துக்கொண்டே வருவதால், கடைசியில் ஒரு மெல்லிய கம்பியைச் சிறு விசையில் உருவினால் போதும், எல்லாம் கழன்றுவிடும். வண்டிக் குதிரையின் சேணத்திலும் இதே தேவை இருந்தது. முள் வைத்த சாதாரணப் பக்கிளைக் கழற்ற, முதலில் வாரை இன்னும் சற்று இழுத்து இறுக்கினால்தான் முள் துளையிலிருந்து வெளிவரும். குதிரை விழுந்து வார் விறைத்து நிற்கும்போது அதை எப்படி இறுக்குவது? கத்தியால் அறுப்பதுதான் வழி. தமிழில் வண்டியைப் பூட்டுவதற்கும் கதவைப் பூட்டுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ஆனால் கதவைத் திறக்கிறோம், வண்டியை அவிழ்க்கிறோம். பூட்டுவது ஒன்றாக இருந்தாலும் விடுவிப்பது வேறு வேறு என்பது மொழியிலேயே இருக்கிறது.

நான் தேடிக்கொண்டிருந்த விதி எழுத்தில் கிடைத்தது காரில் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கைக்கான விதிமுறையில். ஐநாவின் 44-ஆம் எண் வாகன விதிமுறை, இருக்கையின் பக்கிளைப் பாதி மூடிய நிலையில் விட்டுவைக்கவே முடியாதபடி வடிவமைக்க வேண்டும் என்கிறது. நாக்கை முழுவதும் தள்ளாவிட்டால் உள்ளிருக்கும் சுருள்வில் அதை வெளியே தள்ளிவிடும். பல இருக்கைகளில் இரு தோள் வார்களின் நாக்குகளையும் முதலில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால்தான் கூட்டுக்குள் நுழையும், ஒன்றை மட்டும் செருகி ஏமாற முடியாது. திறக்கும் பொத்தான் சிவப்பாக இருக்க வேண்டும், வார்களில் இழுப்பு இல்லாதபோது அதை அழுத்தத் தேவைப்படும் விசை 40 முதல் 80 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும். அதாவது நான்கிலிருந்து எட்டுக் கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். குழந்தையின் விரலுக்கு அது கடினம், தாயின் கட்டைவிரலுக்கு இயலும். ஒரு பொத்தானின் விறைப்புக்குப் பின்னால் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

இதற்கும் ஒரு எதிரி உண்டு. குழந்தை இருக்கையில் பிஸ்கட் தூள், எங்கள் தளத்தில் சிமென்ட். சுருள்வில்லும் தாழும் உள்ள எந்தப் பக்கிளுக்குள்ளும் சிமென்ட் பால் புகுந்து காய்ந்தால், 'டிக்' என்ற ஒலி வந்தும் தாழ் முழுவதும் விழாமல் போகக்கூடும். அப்போது பாதி பூட்டிய நிலை வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடுகிறது. அசையும் பாகம் அதிகம் இல்லாத பழைய உரசல் பக்கிளுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கான்கிரீட் போடும் நாள்களில் புதிய பக்கிள்களை மாலையில் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மறுநாள் காலையில் பூட்டித் திறந்து பார்த்துத்தான் கொடுக்கிறோம்.

கொள்முதல் செய்கிறவரிடம் தொடை வாருக்கும் மார்பு வாருக்கும் 'டிக்' பக்கிள் உள்ள ஹார்னஸ் கேட்டிருந்தேன். விலையைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். தொடை வாரை அவர் கண்ணெதிரிலேயே ஒரு முறை மட்டும் கோத்து இழுத்துக் காட்டிய பிறகு பாதி எண்ணிக்கைக்கு ஒப்புதல் தந்தார். மீதிப் பேர் பழையதையே போட்டுக்கொள்கிறார்கள். அவற்றின் பக்கிள்களில், வார் மறைக்க வேண்டிய பகுதிக்குச் சிவப்புப் பெயிண்ட் பூசிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பெயிண்ட்டில் உள்ள கரைப்பான் வாரின் இழையைக் கெடுக்கலாம் என்பதால் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பழைய ஹார்னஸோடு வருகிறவரிடம், பூட்டிக்கொண்டு வர வேண்டாம், என் முன்னால் வந்து பூட்டுங்கள் என்று சொல்கிறேன். வாரைத் திருப்பி, உள்ளே கோத்து, நுனி 8 செ.மீ.க்குக் குறையாமல் வெளியே வரும்வரை பார்த்துவிட்டு, விரலை நுழைத்து ஒரு முறை இழுத்துவிட்டு அனுப்புகிறேன். கம்பி கட்டும் அந்தத் தொழிலாளி மட்டும், நான் கையை நீட்டுமுன் தானே இழுத்துக் காட்டிவிட்டு ஏணிப் பக்கம் போகிறார்.