ஓரம் உள்ள துண்டு

அக்டோபர் 12, தண்டையார்பேட்டை

கல்லூரியில் கேட்டு அந்தப் பழைய பெட்டியை வாங்கி வந்துவிட்டேன். காஷ்மீரின் கரேவா எனப்படும் பழங்கால ஏரிக் களிமண்ணில் புதைபடிவமாகப் பதிந்த இலைத் துண்டுகள். சீட்டில் ‘ஓக்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கரேவா ஏரிப் படிவுகளில் ஓக் இலைகள் கிடைப்பதைத் தாவரவியலாளர் ஜி. எஸ். பூரி 1940களிலேயே எழுதியிருக்கிறார். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் ஓக் காடு கிடையாது. பீர் பஞ்சால் மலை உயர்ந்து பருவமழையை மறித்ததைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எந்த மரம் என்பதை வைத்துத்தான் அந்தக் காலத்து மழையை ஊகிக்கிறார்கள்; ஆகவே பெயர் தப்பினால் மழைக்கணக்கும் தப்பும்.

அக்டோபர் 14

ராத்திரி கரண்ட் இல்லை. டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தேன். பகலில் வெறும் கறையாக இருந்த நகத்தளவு துண்டில் நரம்புகள் எழும்பித் தெரிந்தன! பக்க நரம்பு வளையாமல் நேராக ஓடி, விளிம்பில் ஒரு பல்லின் நுனியில் முடிகிறது. இரண்டு பக்க நரம்புகளுக்கு நடுவே மெல்லிய நரம்புகள் ஏணிப்படி போலக் குறுக்கே நிற்கின்றன. ஓக்குக்குப் பொருந்துகிறது, சரி. ஆனால் செஸ்ட்நட்டிலும் நரம்பு பல்லுக்குள்தான் போகும். இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பமாக இருக்கலாம் என்பது வரை சொல்லலாம்.

அக்டோபர் 15

உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று. நடுநரம்பு அழகாக இருக்கிறது, விளிம்பு எங்குமே இல்லை. பார்க்கிறவர்கள் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு நேற்றைய நகத்தளவுதான் பெரிது.

அக்டோபர் 19

இமயமலை ஓக் இலைப் படங்களை வள்ளலார் நகரில் ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். அண்ணன் மகள் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டிக் கலந்துவிட்டு, “சித்தப்பா, இது எதுன்னு சொல்லுங்க” என்று நீட்டினாள். குவர்கஸ் கிளாக்கா என்ற ஓக்கின் இலையில் மேல்பாதியில்தான் பல் உண்டு. அவள் நீட்டியது அதன் கீழ்ப்பாதி: விளிம்பு முழுக்க வழவழப்பு. குவர்கஸ் செமெகார்பிஃபோலியா என்ற இன்னொரு ஓக்கிலோ ஒரே மரத்தில் முள்விளிம்பு இலையும் இருக்கும், மழுங்கிய விளிம்பு இலையும் இருக்கும். இனிமேல் ‘பல் இல்லாத இலை’ என்று எழுதப்போவதில்லை. ‘இந்தத் துண்டில் பல் இல்லை’, அவ்வளவுதான். அது மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பதையும் தெரிந்தால் குறிக்க வேண்டும்.

அக்டோபர் 23

இலைத்தோல் ஒட்டியிருந்தால் இலைத்துளைகளையும் ரோமத்தின் அடித்தழும்பையும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கலாம். எல்லாத் துண்டுகளையும் தேடினேன், எதிலும் இல்லை, வெறும் அச்சுதான். புதுச் சீட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். நகத்தளவுத் துண்டுக்கு: ‘ஓக் குடும்பமாக இருக்கலாம். பேரினம் உறுதியில்லை. விளிம்பு உண்டு.’ உள்ளங்கைத் துண்டுக்கு: ‘இருவித்திலை. விளிம்பு இல்லை.’