புதுக்குடியிருப்பில் ஒரு சாக்கு மண்

இலங்கையின் வடக்கே, பரந்தனில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் பேருந்து திரும்பியது. தருமபுரம், விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்பில் இறங்கினேன். நண்பனின் பெரியப்பா அங்கே நகைப் பட்டறை வைத்திருக்கிறார்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன் என்றதும் ஊதுகுழலைக் கீழே வைத்தார். "தங்கம் கிண்டுற ஊர்ப் பிள்ளையோ? வாரும், ஒண்டு காட்டுறன்."

மூலையில் ஒரு சாக்கு. கூட்டிய குப்பை, உமிச்சட்டிச் சாம்பல், அரம் ராவிய தூள், கை கழுவிய தண்ணீரின் வண்டல் எல்லாம் அதில். மாதக்கணக்கில் சேர்த்து, எரித்து, இடித்து, காந்தத்தால் இரும்புத்தூளை எடுத்துவிட்டுத் தட்டில் நீர்விட்டு அலசுகிறார். லேசான மண் வழிந்து போகிறது. தங்கம் கனம், அடியில் நின்றுவிடுகிறது. அப்புறம் அழுக்கைப் பிரிக்கும் வெங்காரம் என்ற உப்பைப் போட்டு, மூசை என்கிற உருக்குக் கிண்ணத்தில் உருக்க வேண்டியதுதான். பாதரசம் சேர்த்தால் இன்னும் தேறுமாம். "அதை நான் தொடுறேல்லை தம்பி. என்ர ஐயாவுக்குக் கடைசிக் காலத்தில கை நடுங்கினது அந்தப் புகையாலதான்."

எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குவித்த மேடுகள். சயனைடு மேடு என்றே சொல்வோம். மூன்று கோடி டன்னுக்கும் மேல் கிடக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம் தங்கம்கூட இருக்காது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிய பிறகும், காற்றடித்தால் அந்த மாவு எங்கள் சோற்றில் விழுந்தது. 2024இல் 13 மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, வேலை வருமே என்று சந்தோஷப்பட்டேன். இங்கே இவர் பாதரசத்தை ஒதுக்கியதைப் பார்த்த பிறகு வேறொன்றும் கேட்கத் தோன்றுகிறது: எடுத்தபின் மிஞ்சும் மாவை எங்கே கொட்டுவார்கள்? அதைக் காற்றில் பறக்காமல் மூடுவார்களா? மேட்டடியில் குடியிருப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லட்டும்.

2009இல் போரின் கடைசியில் இவரும் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தவர். திரும்பி வந்தபோது பட்டறைக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை.

"நிலம் இருந்தது. இருபது வரியம் நான் இருந்து வேலை செய்த இடம். ஒரு முழம் கிண்டி அலசினன். மூண்டு கிராமுக்குக் கிட்ட வந்தது. அதை வித்துத்தான் குறடும் ஊதுகுழலும் வாங்கித் திரும்பத் தொடங்கினன்."

சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். "தண்ணி ஊத்தும் தம்பி, மெல்ல."

பேருந்து வரும்வரை ஊற்றினேன். அன்றைக்குத் தேறியது ஒரு குன்றிமணி அளவு.