ஊழியம் செய்யப் போய் சண்டே ஸ்கூலில் உட்கார்ந்தோம்

திரும்பி வந்து மூன்று நாளாகிறது, இடுப்பு வலி இன்னும் போகவில்லை. மிசோரம் போக நினைக்கிற வாலிபர் குழுக்களுக்கு உதவட்டும் என்று வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுத உட்கார்ந்தேன். முதலில் அந்த சுமோவைத் திட்டிவிட்டு வருகிறேன்.

மிசோரம் தலைநகர் அய்சாலுக்குப் பக்கத்தில் சாய்ராங் வரை 2025 செப்டம்பரில் ரயில் வந்துவிட்டது. வந்தது உண்மைதான், ஒன்பது பேருக்கு டிக்கெட் கிடைக்க வேண்டுமே! வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. எனவே குவஹாத்தியில் மாறி, அசாமின் சில்சரில் இறங்கி, பழையபடி சுமோ. சில்சர் ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் மூன்று பேருக்கு 400 ரூபாய் வாங்கினார். அதே இடத்துக்கு ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய் கொடுத்து ஒரு பாட்டி இறங்கியதை அப்புறம்தான் பார்த்தோம். எங்கள் பொருளாளர் தம்பி அதை நோட்டில் 'முட்டாள்தனம்' என்று தனித் தலைப்பு போட்டு எழுதினான். சுமோவில் டிரைவரோடு பதினோரு பேர். பின் சீட்டில் நாலு பேர், என் முழங்கால் என் தாடையில். மழையில் அரித்த சாலை, வளைவுக்கு வளைவு சேறு, டிரைவர் வாயில் வெற்றிலை பாக்கு.

மிசோரம் எல்லையில், வைரெங்தே சோதனைச்சாவடியில் இறக்கிவிட்டார்கள். வெளி மாநிலத்துக்காரர்கள் உள்ளே நுழைய இன்னர் லைன் பெர்மிட் என்கிற அனுமதிச் சீட்டு கட்டாயம். எங்களில் ஒருவனுக்கு ஆதாரில் 'எஸ்' என்று இனிஷியல், பெர்மிட்டில் அப்பா பெயர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று டார்ச் வெளிச்சத்தில் விளக்க அரை மணி நேரம். போகிறவர்களே, இரண்டிலும் பெயரை ஒரே மாதிரி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டியும் ஓடாது, கடையும் திறக்காது. சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பயனுள்ள தகவல் அவ்வளவுதான்.

இது இரண்டாம் முறை. 2018-இல் பன்னிரண்டு பேர் 'மிஷன் ட்ரிப்' என்று பேனர் அடித்துப் போனோம். பை நிறைய சார்ட் பேப்பர், கைப்பாவை, ஹிந்தியில் ஒரு நாடகம். ஹிந்தி அவர்களுக்கும் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்களாக இருக்கிற மாநிலத்துக்கு நாங்கள் எதைச் சுமந்துகொண்டு போனோம் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு காலை பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம் என்று போனால், அங்கே சண்டே ஸ்கூல் பெரியவர்களுக்கும் உண்டு. எழுபது வயதுப் பாட்டி நோட்டுப் புத்தகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார். கைப்பாவையைப் பைக்குள் தள்ளிவிட்டு நாங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

எங்களைக் காப்பாற்றியது பாட்டு. லோரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் 1894 ஜனவரி 11 அன்று படகில் வந்து இதே சாய்ராங்கில் இறங்கினார்கள். மிசோ மொழிக்கு அவர்கள் அமைத்துக் கொடுத்தது ரோமன் எழுத்து. அதனால் பாட்டுப் புத்தகத்தை எங்களால் வாசிக்க முடிந்தது, அர்த்தம்தான் தெரியவில்லை. மேலே சால்ஃபா சுரக் குறிப்பு வேறு. எங்கள் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து டோ ரே மீ போட்டு அடித்துப் படித்ததுதானே! டெனரில் மூன்று பேர் சேர்ந்துகொண்டதும் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. மாலையில் பெரிய மேளத்தைச் சுற்றி நின்று மெதுவாக, மிக மெதுவாகப் பாடுவார்கள். ஆரம்ப கால மிஷனரிகள் அந்த மேளத்தை ஆலயத்துக்குள் விடவில்லையாம். நல்லவேளை, அது உள்ளே வந்துவிட்டது.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவை எல்லாரும் 'கா நூ' என்போம், 'என் அம்மா' என்று அர்த்தம். அவர் உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்போரத்து டப்பாவில் போடுவார். அது சபைக்கு. 'புஃபாய் தம்' என்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக மிசோ வீடுகளில் நடக்கிறது, அந்த அரிசிக் காசில்தான் அவர்கள் ஊழியக்காரரை அனுப்புகிறார்கள். எங்கள் பாட்டி காலத்துப் பிடியரிசியேதான்! நாங்கள் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

ஆனால் உறவு உறவானது அங்கே அல்ல, வேலூரில். 2022-இல் கா நூவுக்கு இடுப்பு ஆபரேஷன். காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் ஒன்றரை மாதம் இருந்தார். நாங்கள் முறை வைத்துப் போனோம். ரசம் சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! அப்புறம் புளியும் தாளிப்பும் இல்லாமல் வெறும் முருங்கைக்கீரையை வேகவைத்து, பச்சைமிளகாயைத் தனியாக இடித்துக் கொடுத்தோம், சாப்பிட்டார். ஊருக்குப் புறப்படும் நாளில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துத் தந்தார். கழுத்து வரை அரிசி. லாட்ஜில் சமைத்த ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பிடி. எங்கள் சபையில் காணிக்கையாக வைக்கச் சொன்னார்.

குருவானவர் அதை அப்படியே பீடத்தில் வைத்தார். இப்போது எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஏழு வீடுகளில் பிடியரிசி டப்பா இருக்கிறது. போன வருஷம் அதில் 9,000 ரூபாய் சேர்ந்தது, இந்தப் பயணத்துக்குக் கைகொடுத்ததும் அதுதான். பேனர் அடிக்கவில்லை. கமிட்டியில் ஒருவர், "என்ன செய்தீர்கள் என்று போட்டோ வேண்டாமா?" என்று கேட்டார். பொருள் கொடுப்பது போல நிற்கிற போட்டோ எடுக்கத்தான் ஆட்களை அனுப்புவதென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இந்த முறை என்ன செய்தோம்? தூங்கினோம், பாடினோம், கா நூ வீட்டுக் கூரையில் இரண்டு தகடு மாற்றினோம், சண்டே ஸ்கூல் போனோம். புறப்படுவதற்கு முந்தைய நாள் சபை விருந்தில் பெரிய பாத்திரத்தில் சோச்சியார், இறைச்சி போட்டுக் குழைய வேகவைத்த சோறு. எங்கள் ஊர் ஆலய அசன விருந்தில் வாளி தூக்குகிற மாதிரியே வாலிபர்கள் வாளி தூக்கிப் பரிமாறினார்கள். மூன்று தட்டு சாப்பிட்டேன். காரம் இல்லை, மசாலா இல்லை, இருந்தும் அந்த ருசி எங்கிருந்து வந்தது என்று ரயில் முழுக்க யோசித்தேன். ஆமாம், திரும்பும்போது சாய்ராங்கில் ரயில் கிடைத்தது. சுரங்கம் சுரங்கமாகப் போகிறது, சொகுசு.

ஸ்டேஷனில் கா நூ காதோரம் கேட்டது ஒன்றே ஒன்று. மே மாதம் அவருக்கு வேலூரில் மறுபரிசோதனை, போன முறை லாட்ஜில் மாடி ஏறி ஏறிக் கஷ்டப்பட்டார். தரைத்தளத்தில், கழிவறை உள்ளேயே இருக்கிற, சமைக்க விடுகிற ரூம் காந்தி ரோட்டுப் பக்கம் நாளுக்கு 500-க்குள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். முருங்கைக்கீரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.