ஆலங்கட்டிப் பருவம்: ஒரு கூரையின் நாட்குறிப்பு

மார்ச் 29

நேற்றிரவு விழுந்த கல் ஒன்றேகால் அங்குலம். ஒரு அங்குலம் தொட்டாலே அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை அதைக் கடும்புயல் கணக்கில் சேர்த்துவிடும். தரையில் நின்று பார்த்தால் கூரைக்கு ஒன்றுமே ஆகாத மாதிரிதான் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது கூரைமேல் வேய்ந்த தார்த் தகடான ஷிங்கிளை அல்ல, மெல்லிய உலோகத்தை. அட்டிக்கின் (கூரைக்குக் கீழுள்ள பரண்) காற்றுத் துளையான வென்ட்டின் மூடி, கூரைத் தண்ணீர் வடியும் கட்டர், ஏசியின் அலுமினியத் தகடுகள். எந்தப் பக்கம் பள்ளம் அதிகமோ அந்தப் பக்கமிருந்துதான் கல் வந்திருக்கிறது. வடமேற்கு. அந்தச் சரிவில் 10 அடிக்கு 10 அடி சாக்பீஸ் கட்டம் போட்டு, உள்ளே எத்தனை இடத்தில் கல் பட்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். துகள் உதிர்ந்து கறுத்த வட்டம், விரலால் அழுத்தினால் கன்றிப்போன பழம் போல உள்வாங்கும். அதற்கு அர்த்தம் அடியிலுள்ள கண்ணாடியிழைப் பாய் உடைந்துவிட்டது. இன்றைக்கு ஒழுகாது. துகள் போன இடத்தில் வெயில் நேராகத் தாரில் விழும், ஓரிரண்டு கோடைக்குப் பிறகு ஒழுகும்.

மார்ச் 31

வெளியூர் நம்பர் பிளேட் லாரிகள் வந்துவிட்டன. கதவுக்குக் கதவு தட்டல்.

டெக்சஸில் கூரை வேலைக்கு மாநில உரிமம் என்று ஒன்று கிடையாது. ஏணியும் லாரியும் வைத்திருக்கும் யாரும் ஒப்பந்தக்காரர்தான். "டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம், நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்று, காப்பீட்டில் வீட்டுக்காரர் கட்ட வேண்டிய பங்கைத் தானே ஏற்பதாகச் சொல்பவர் சட்டத்தை மீறச் சொல்கிறார். 2019 செப்டம்பர் 1 முதல் அது குற்றம். அப்படிச் சொல்பவரிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. அந்தப் பணத்தை அவர் எதில் மிச்சம் பிடிப்பார்? ஆணியில். மூட்டுகளில் தண்ணீரைத் தடுக்கும் தகடான ஃப்ளாஷிங்கைப் பழையதாகவே விடுவதில். கண்ணுக்குத் தெரியாத எல்லாவற்றிலும்.

ஏப்ரல் 3

காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளர், அட்ஜஸ்டர், வரவில்லை.

ஏப்ரல் 4

மழை. குளியலறைக் கூரையில் ஈரவட்டம். இதற்குக் காரணம் கல் இல்லை, வென்ட் பைப்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை, பூட். ஷிங்கிள் இருபது வருஷம் தாங்கினாலும் அந்த ரப்பர் பாதி வயதிலேயே வெயிலில் வெடித்துவிடும். இரண்டு அங்குலப் பைப்புக்கு ஒன்று, மூன்று அங்குலத்துக்கு ஒன்று, எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பட்டியலில் பூட் இல்லாத எஸ்டிமேட்டை நம்பக் கூடாது.

ஏப்ரல் 8

அட்ஜஸ்டர் வந்துபோனார். இரண்டு சரிவுக்குத்தான் பணம் என்கிறார். மறுபடி பார்க்கச் சொல்லி எழுதியாகிவிட்டது, சாக்பீஸ் கட்டத்தின் படங்களுடன்.

பாலிசியில் தேட வேண்டிய வரி ஒன்றே ஒன்று. முழு மாற்றுச் செலவா, தேய்மானம் கழித்த மதிப்பா? முதல் வகை என்றால் தேய்மானத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காசோலை வரும், வேலை முடிந்த ரசீதைக் காட்டினால் மீதி வரும். இரண்டாம் வகை என்றால் பதினைந்து வயதுக் கூரைக்குக் கிடைப்பதில் பாதிக்கூரை போடலாம். காற்று, ஆலங்கட்டிக்கு டிடக்டிபிள் தனி, பெரும்பாலும் சதவீதத்தில். வீட்டுக்கு 4,00,000 டாலர் காப்பீடு, 2 சதவீதம் என்றால் 8,000 டாலர் கையிலிருந்து. கூரை வயதானபின் சத்தமில்லாமல் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றும் புதுப்பித்தல் கடிதங்களை மக்கள் படிப்பதே இல்லை. கோபமாக வருகிறது.

ஏப்ரல் 9

2022க்கும் 2023க்கும் இடையில் அமெரிக்காவில் இருபதாயிரம் பேருக்குக் குறையாத கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி) அதிக சதவீதத்தில் மக்கள் பெருகியது டாலஸுக்குக் கிழக்கே உள்ள கௌஃப்மன் கவுண்டியில். ஒரே வருஷத்தில் 7.6 சதவீதம். சோளக்காடும் மாட்டுப் புல்வெளியும் இருந்த இடங்களில் ஒரே மாதிரி கூரைகள். இந்தப் பக்கத்துக் கவுண்டிகள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

யாரும் பேசாத விஷயம்: டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே கவுண்டிக்கு அதிகாரம் மிகக் குறைவு. தீர்மானம் போட்ட கவுண்டியிலும் புது வீட்டுக்கு மூன்றே பரிசோதனைகள்: அஸ்திவாரம், மரச்சட்டகம், முடிவு. ஆளை அமர்த்துவதும் வீட்டைக் கட்டுபவரே. பழைய கூரையைப் பிரித்துப் புதிது போட அதுவும் கிடையாது. அதனால் பலகை திறந்திருக்கும் அந்த ஒரு நாளில் யாராவது ஏறிப் பார்த்தால்தான் உண்டு. சாயங்காலம் எல்லாம் மூடிவிடும். பிறகு அடுத்த புயல்தான் பரிசோதகர்.

ஏப்ரல் 12

நான்கு சரிவுக்கும் ஒப்புதல்!

ஏப்ரல் 13

பொருள் கணக்கு. அளவு 30 ஸ்கொயர், அதாவது 3,000 சதுர அடி. எல்லாப் பக்கமும் சரியும் ஹிப் கூரை என்பதால் சேதாரம் 15 சதவீதம், ஆக 34.5. ஸ்கொயருக்கு மூன்று கட்டு, 104 கட்டு. முதல் வரிசைக்கு அடியில் போகும் ஸ்டார்ட்டரும் முகட்டு ஷிங்கிளும் தனி.

கிளாஸ் 4 ஷிங்கிள், கல்லடி தாங்கும் தரத்தில் மேலானது. யூஎல் 2218 சோதனையில் இரண்டு அங்குல எஃகு உருண்டையை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு தரம் போடுவார்கள், பாய் விரிசல் விடக் கூடாது. நல்ல ஷிங்கிள்தான். ஆனால் 2021 ஏப்ரல் 28 அன்று டெக்சஸின் ஹோண்டோவில் விழுந்த கல் 6.4 அங்குலம். அதற்கு முன்னால் எந்த ஷிங்கிளும் நிற்காது. கிளாஸ் 4க்குத் தள்ளுபடி தரும்போது, "தோற்றச் சேதத்துக்குப் பணம் இல்லை" என்ற இணைப்பையும் சேர்த்து நீட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 16

பிரித்தாயிற்று. பலகை 7/16 அங்குல ஓஎஸ்பி (மரச்சீவல்களை அழுத்திச் செய்தது), ராஃப்டர் என்ற சாய்வு மரங்களின் இடைவெளி 24 அங்குலம், பலகைகளுக்கு நடுவே அவற்றைப் பிணைக்கும் எச் கிளிப் பாதி இடத்தில் இல்லை. சாதாரண வழவழ ஆணி. பல ஆணிகள் ராஃப்டரைத் தொடவே இல்லை, அட்டிக்கிலிருந்து பார்த்தால் மரத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று தொங்குகின்றன.

எல்லாப் பலகையும் மறுபடி அடிக்கப்படுகிறது: வளையம் வெட்டிய, 8டி என்ற அளவு ஆணி, 2 3/8 அங்குலம், ஆறு அங்குலத்துக்கு ஒன்று. பிறகு மூட்டுகளின் மேல் நான்கு அங்குல ஒட்டு டேப், அதன்மேல் ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் தாளான அண்டர்லேமெண்ட். காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான ஐபிஎச்எஸ்ஸின் ஃபோர்ட்டிஃபைட் தரம் கேட்பது இதைத்தான். ஷிங்கிள் பறந்தாலும் தண்ணீர் பலகை மூட்டு வழியாக வீட்டுக்குள் இறங்காது. செலவில் சின்ன பங்கு, பலனில் பெரிய பங்கு. ஏன் எல்லாரும் செய்வதில்லை என்பது புரியவே இல்லை.

டிரிப் எட்ஜ் (ஓரத்துத் தகடு): இறவாணத்தில் அண்டர்லேமெண்டுக்குக் கீழே, பக்கவாட்டு ஓரத்தில் மேலே. இதை மாற்றிப் போடுகிறவர்கள் ஏராளம்.

ஏப்ரல் 17

ஆணி. ஆணி. ஆணி.

இரண்டு அடுக்கை ஒட்டிச் செய்த லாமினேட்டட் ஷிங்கிளில் அவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் ஒடுங்கிய பட்டை ஒன்று உண்டு. ஆணி அதில் விழுந்தால் இரண்டு அடுக்கையும், கீழ் வரிசையின் மேல் ஓரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு அங்குலம் மேலே போனால் ஒரே அடுக்குதான் பிடிபடும். கோடைச் சூட்டில் கீழ் அடுக்கு வழுக்கும், காற்றில் மொத்த ஷிங்கிளும் போகும். புயலுக்குப் பின் தோட்டத்தில் கிடக்கும் ஷிங்கிள்களைத் திருப்பிப் பார்த்தால் இதுதான் தெரியும்.

ஷிங்கிளுக்கு ஆறு ஆணி, நாலு இல்லை. ஸ்கொயருக்கு 65 ஷிங்கிள் என்றால் 390, இந்தக் கூரைக்கு 11,700. ஆணித் துப்பாக்கியின் காற்றழுத்தம் காலையில் சரியாக இருந்தால் மதியம் கூடுதல். வெயிலில் ஷிங்கிள் இளகியிருக்கும், ஆணித்தலை அதை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். கம்ப்ரெஸரைக் குறைக்க வேண்டும். தலை தூக்கி நின்றாலும் கெடுதல்தான், மேல் ஷிங்கிள் ஒட்டாது. நுனி பலகையைத் தாண்டி 1/8 அங்குலமாவது வெளியே வர வேண்டும். முகட்டில் அடுக்குகள் அதிகம், 1¼ அங்குல ஆணி எட்டாது, அங்கே 2 அங்குலம்.

மாலை: மூன்றாவது வரிசையில் சில ஷிங்கிள்களைத் தூக்கிப் பார்த்தது. எல்லாம் கோட்டில்.

ஏப்ரல் 18

இரண்டு சரிவு சேரும் பள்ளத்தாக்கின் நடுக்கோட்டிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் ஆணி கூடாது. சுவரை ஒட்டி ஒவ்வொரு வரிசைக்கும் புது ஸ்டெப் ஃப்ளாஷிங் (படிபோல அடுக்கும் தகடு), சரிவு முடியும் இடத்தில் தண்ணீரைக் கட்டருக்குத் தள்ளும் கிக் அவுட். கிக் அவுட் இல்லாத வீடுகளில் சுவருக்குள் மரம் மக்குவது வெளியே தெரிய வருஷங்கள் ஆகும்.

ஏப்ரல் 19

அட்டிக் 1,800 சதுர அடி. 300 சதுர அடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஆறு சதுர அடி காற்று வழி, 864 சதுர அங்குலம், பாதி சாஃபிட்டில் (இறவாணத்தின் அடிப்பக்கம்), பாதி முகட்டில். சாஃபிட் துளைகளைக் காப்புப் பஞ்சு மூடியிருந்தது, விலக்கியாயிற்று. முகட்டு வென்ட் வைத்தபின் பழைய சுழலும் வென்ட்டை விட்டுவைக்கக் கூடாது. காற்று சாஃபிட்டிலிருந்து வராமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்கே போய்விடும்.

ஏப்ரல் 21

குளிர். மேகம். ஷிங்கிளின் அடியிலுள்ள ஒட்டுப்பட்டை இளக வெயில் வேண்டும், காற்றாவது 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும். இன்று 54. ஓரத்து ஷிங்கிளை மெல்லத் தூக்கினால் அப்படியே வருகிறது.

ஏப்ரல் 22

இன்னும் ஒட்டவில்லை. நாளை மாலை மணிக்கு 60 மைல் காற்று என்கிறார்கள்.

ஏப்ரல் 23

கையால் ஒட்டுவதுதான் வழி. தார் சிமெண்ட், கால் டாலர் நாணய அளவுப் பொட்டு, ஷிங்கிளுக்கு நாலு. அதிகம் வைத்தால் கொப்புளிக்கும். காற்று முதலில் பிடித்திழுப்பது மூலைகளை, பிறகு ஓரங்கள், முகடு. அந்த வரிசையில்தான் வேலை. தென்மேற்கு மூலை முடிந்தது. தெற்கு இறவாணம் முடிந்தது. முகடு முடிந்தது.

4:10. எச்சரிக்கை வந்துவிட்டது. மேற்கு ஓரம் பாதிதான்