அரிசி கொடுக்கிற ஆளே கேள்வியும் கேட்கலாமா? என் பகுதிநேர முதுகலை அனுபவம்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் பக்கம் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் 14 வருஷமாக வேலை செய்கிறேன். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போவது, சாயங்காலம் டியூஷன், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு மாதாமாதம் அரிசி, எண்ணெய், மாவு என்று பொருளுதவி. கையில் இருந்தது ஒரு டிப்ளோமா மட்டும்தான். போன வருஷம் சமூக மேம்பாட்டில் முதுகலை முடித்தேன். "டிகிரி இல்லாம எப்படிச் சேர்ந்தீங்க?" என்று இதே வேலையில் இருக்கிறவர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வழி இருக்கிறது, அதன் பெயர் ஏப்பல். வேலை அனுபவத்தில் கற்றதைக் கல்வித் தகுதியாக ஏற்றுக்கொள்ளும் முறை, மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனமான எம்.க்யூ.ஏ.வின் கீழ் நடக்கிறது. முதுகலைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா வேண்டும், படிக்கப்போகிற துறையில் வேலை செய்திருக்க வேண்டும். தேர்வு ஒன்று உண்டு, அதைச் சமாளித்துவிட்டேன். திணறியது போர்ட்ஃபோலியோவில், அதாவது அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டும் தொகுப்பில். செய்த வேலைக்குக் காகிதம் கேட்கிறார்கள், நம்மிடம் காகிதம் எங்கே இருக்கிறது? தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், கோயில் நிர்வாகம், பழைய கிராமத் தலைவர் என்று ஒவ்வொருவராகப் போய் நின்று கடிதம் வாங்கவே இரண்டு மாதம் ஆனது. படிக்கிற எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு திட்டம் முடிந்ததும் ஒரு கடிதம் வாங்கி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. போர்ட்ஃபோலியோவில் முதலில் செய்ததையெல்லாம் பட்டியல் போட்டு எழுதினேன். அது போதாது, அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டார்கள். அப்புறம் உட்கார்ந்து யோசித்து, பெற்றோர் திருமணம் பதிவாகாமல் அம்மா வெளிநாட்டவராக இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்காமல் போவதையும், அதனால் பிறப்புப் பத்திரத்துக்கு அலைவதற்கு முன்பே திருமணப் பதிவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததையும் எழுதினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டணம்: ஊழியர் சேமநிதியில் இருந்து எடுத்தேன். நான் சேர்ந்தபோது இரண்டாம் கணக்கு, 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு படிப்புக்கு எடுப்பது செஜாத்தெரா கணக்கில் இருந்து. வகுப்பு சனிக்கிழமைகளில், பினாங்குத் தீவுப் பக்கம். காலையில் மோட்டார் சைக்கிளோடு பெரிப் படகில் ஏறிவிடுவேன்.

முதல் பருவத்திலேயே ஒரு பாடம் என்னை உலுக்கிவிட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-ல் எழுதிய எட்டுப் படி ஏணி. மக்கள் பங்கேற்பு என்று நாம் சொல்வது உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டுவது. கீழ் இரண்டு படியில் பங்கேற்பே கிடையாது, நடுவில் மூன்று படி பெயரளவுக்கு, மேல் மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருகிறது. 2009-ல் கெளுகோரில் கம்போங் புவா பாலா என்ற பழைய தமிழர் கிராமம் இடிபட்டதைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு அந்த ஏணியை அதிகம் விளக்க வேண்டியதில்லை, அங்கே இருந்தவர்கள் மாடு வளர்த்துப் பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள். ஆனால் ஆசிரியர் கேட்டது வேறு: உங்கள் சொந்தக் கூட்டங்களை எந்தப் படியில் வைப்பீர்கள்? நான் கூட்டம் போடுவேன், நானே பேசுவேன், கடைசியில் "சரிதானே?" என்பேன், எல்லாரும் தலையாட்டுவார்கள். மூன்றாம் படி, மிஞ்சிப்போனால் நான்கு. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

ஆய்வுக்கு என் பிளாட் தாய்மார்களையே எடுத்துக்கொண்டேன். பொருளுதவியைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆய்வு நெறிமுறைக் குழு என் திட்டத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மேற்பார்வையாளர் கேட்டார்: "மாசாமாசம் அரிசி கொடுக்கறது நீங்க. நீங்க பேட்டி கேட்டா அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்னிடம் பதில் இல்லை. படிப்பு முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விஷயம் அந்த ஒரு கேள்விதான் என்று இன்றும் சொல்வேன்.

திட்டத்தை மாற்றினோம். அந்த பிளாட்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு தோழி தமிழில் பேட்டி எடுத்தார். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார். மறுத்தாலும் பொருள் நிற்காது என்பதை முதல் வரியாக வைத்தோம். பெயர் இல்லாமல்தான் எல்லாம் என் கைக்கு வந்தது. 21 பேரைக் கேட்டதில் ஆறு பேர் மறுத்துவிட்டார்கள். யார் அந்த ஆறு பேர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நானே கேட்டிருந்தால் 21 பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

பேட்டி தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில். ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒவ்வொரு வார்த்தையாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன்பு பிளாட் மண்டபத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, எழுதியதைத் தமிழில் வாசித்தேன். பொருள் வாங்க வரும்போது வெட்கமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதாக ஒரு இடம். பின்னால் இருந்து ஒரு பாட்டி எழுந்தார்.

"அது நான் சொன்னதுதான்மா. ஆனா வெட்கம்னு சொல்லல, கூச்சம்னு சொன்னேன். வாங்கறதுக்கு இல்ல. கீழ வரிசையில நிக்கறதுக்கு, போற வர்றவன் எல்லாம் பார்க்கறான்."

அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். வரிசையை என்ன செய்யலாம் என்று அன்றைக்கே அவர்கள் பேசினார்கள், நான் குறித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த மாதத்திலிருந்து மாடிக்கு இரண்டு பேர் என்று பிரித்துக்கொண்டு அவர்களே பையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.