தாங்கலுக்கும் பாலாற்றுக்கும் இடையில் ஒன்றரை அடி

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, கரை மீறிய வெள்ளம் எங்கள் ஊரின் சிற்றேரியான தாங்கலை நிரப்பியதோடு, பல ஆண்டுகளாகக் காணாத ஆரால், உளுவை மீன்களையும் கொண்டுவந்து சேர்த்தது. அடுத்து வந்த சாதாரண வரத்துகளில் ஒரு சொட்டும் தாங்கலுக்கு வரவில்லை. மீந்தது ஜிலேபிக் கெண்டை என்ற அயல்நாட்டு மீன் மட்டுமே. ஆற்று நீரைத் தாங்கலுக்குக் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை மீட்க வேண்டும் என்று நாங்கள் சிலர் இறங்கியது அதன் பிறகுதான்.

நில அளவையின் புலப்படத்தில் கால்வாய் தெளிவாக இருந்தது. நிலத்தில் அதன்மேல் தென்னங்கன்றுகள் நின்றன. உட்பிரிவு எண் பொருந்தவில்லை என்று மனு இருமுறை திரும்பியது. அளவையர் வந்து கல் நட்ட பின், கன்று வைத்தவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டார்கள்.

உண்மையான சிக்கல் மட்டத்தில் இருந்தது. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனதால், ஆற்றுநீர் கால்வாய்க்குள் நுழையும் இடமான பழைய தலைப்பு படுகையைவிட ஒன்றரை அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கால்வாயை ஆழப்படுத்தினால் போதும் என்றுதான் நானும் முதலில் வாதிட்டேன். அப்படிச் செய்தால் ஆறு வற்றும்போது தாங்கலும் சேர்ந்து வடிந்துவிடும் என்று பொறியாளர் ஒருவர் படம் போட்டுக் காட்டிய பிறகே புரிந்தது. ஆகவே தலைப்பைப் படுகை உயரமாக உள்ள மேல்போக்கில் முந்நூறு மீட்டர் தள்ளி வைத்து, கரையில் மதகும், தாங்கலின் வாயில் தாழ்வான கல்தடுப்பும் அமைத்தோம். கரையை வெட்ட நீர்வளத் துறையின் அனுமதி பெறுவதற்கே ஒரு கோடை கழிந்தது.

மதகில் வலை கட்ட வேண்டும் என்று மீன் குத்தகைதாரர் வற்புறுத்தினார். புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறும் மீனுக்கு வழியடைத்துவிட்டு எதற்காகக் கால்வாய் வெட்டினோம் என்று நான் கேட்டேன். தாம் வளர்க்கும் கட்லாவும் ரோகுவும் நாட்டு மீன்கள்தானே என்றார் அவர். அவை கங்கைப் பக்கத்து மீன்கள், இங்கே குஞ்சாகக் கொண்டுவந்து விடப்பட்டவை என்று விளக்க வேண்டியிருந்தது. வலை வேண்டாம், குஞ்சு விடுவதும் வேண்டாம் என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது.

தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலப்பது யாவரும் அறிந்ததே என்பதால், முதல் வரத்தை ஒரு நாள் ஆற்றோடு ஓடவிட்டு மறுநாள்தான் மதகைத் திறக்கிறோம். மீன் ஏறுவதும் அந்த முதல் தண்ணீரில்தான் என்பதால் இது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சென்ற பருவத்தில், கோரைப்புல் ஓரம் விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாக மேலே வந்து மூச்செடுக்க, பெரிய விரால் கீழே காவல் நின்றதைப் பார்த்தோம். கெண்டையும் கெளுத்தியும் வந்துவிட்டன. ஆரால் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.